குட்டைச் செடிகளின் நெட்டைப் பிள்ளைகள்

அவளைத் தண்ணியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆராய்ச்சி நிலையத்தின் கண்ணாடி வீட்டில் செடிகளுக்குத் தண்ணீர் விடுவது அவள் வேலை. காலையில் குழாயைத் திறக்கும் முன் கண்ணை மூடி ஆண்டவனை நினைத்துக்கொள்வாள். உயிர் உள்ளதைத் தொடப் போகிறோமே, அவனிடம் சொல்லாமல் தொடலாமா?

அங்கே வளர்ந்ததெல்லாம் ஒரே இனத்துச் செடி. ஒன்றையொன்று பாராத இரண்டு மலைகளிலிருந்து வந்தது. இரண்டு மலைகளிலும் அடிவாரத்தில் அது முழங்கால் உயரம் வளரும். உச்சியிலோ காற்றுக்கும் பனிக்கும் தலைகொடுக்காமல் விரல் உயரத்தில் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உச்சிச் செடியைக் கீழே கொண்டுவந்து எவ்வளவு சீராட்டினாலும் குட்டைதான். அது பிறவிக் குணம். கிழக்கு மலைக் குட்டை அதன் அடிவாரத்துச் செடிகளின் வாரிசு, மேற்கு மலைக் குட்டை தன் அடிவாரத்தின் வாரிசு. தனித்தனியே மேலே ஏறிய இரண்டும் ஒரே மாதிரி குட்டையானது எப்படி? இரண்டிலும் மாறியது ஒரே மரபணுவா, வேறு வேறா? ஆராய்ச்சியம்மா வருஷக்கணக்காக இதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

அதற்காகக் கிழக்குக் குட்டையின் மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்து மேற்குக் குட்டையின் பூவில் வைத்தார். விதை பிடித்தது. அதை விதைத்தவள் தண்ணியக்கா.

நாற்று வளர வளர அவள் தட்டைத் திரும்பத் திரும்பக் குனிந்து பார்த்தாள். தட்டு முழுக்க நெட்டை. குட்டைக்கும் குட்டைக்கும் நெட்டை பிறக்குமா? அடிவாரத்து விதையைக் கைதவறிப் போட்டுவிட்டோம் என்றே நம்பினாள். குட்டைத் தட்டில் நெட்டை தலைகாட்டினால் பிடுங்கிவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். விட்டால் மற்றதற்கு வெயிலை மறைத்துவிடும். பழகிய கை மளமளவென்று பிடுங்கிக் கொல்லைப்புறத்து எருக்குழியில் போட்டது. பிறகுதான் அலமாரிக்குப் போனாள். அடிவாரத்து விதை டப்பாவின் மூடியைச் சுற்றி ஒட்டிய தாள் கிழியாமல் அப்படியே இருந்தது.

அப்படியானால் தான் பிடுங்கியது என்ன?

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. வேலையும் போகாது. ஆனால் நாளைக் காலையில் குழாயடியில் எந்த முகத்தோடு கண்ணை மூடுவது? ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே நேரே போய் நின்றாள்.

"அம்மா, தட்டுல எல்லாமே நெட்டையா வந்துச்சு. விதைய மாத்திப் போட்டுட்டேன்னு நெனச்சு புடுங்கிட்டேன். இப்ப பாத்தா அடிவாரத்து டப்பா தொறக்கவே இல்ல."

ஆராய்ச்சியம்மாவின் முகம் வெளுத்தது. ஆனால் திட்டவில்லை.

"எல்லாமேவா?"

"ஒண்ணு விடாம."

"எங்க போட்டீங்க?"

இரண்டு பேரும் எருக்குழியில் மண்டியிட்டுக் கிளறினார்கள். அந்த வழியே வந்த நிலையத்து டிரைவர், "என்னக்கா, மோதிரம் தொலைஞ்சு போச்சா?" என்றான்.

"உன் வாய் தொலைஞ்சிருந்தா தேடியிருக்கவே மாட்டேன், போ," என்றாள் தலை நிமிராமல்.

ஆராய்ச்சியம்மா ஒரு நாற்றை வெளிச்சத்தில் பிடித்தார். கிழக்கு மலைச் செடிக்குத் தண்டு சிவப்பு. மேற்கு மலைச் செடிக்கு இலையோரம் வெள்ளை மயிர். இதில் இரண்டுமே இருந்தன. எடுத்த ஒவ்வொன்றிலும் இருந்தன.

"இது தப்பு விதை இல்லக்கா. நம்ம விதையேதான்."

பிறகு விளக்கினார். உயரமாக வளர உள்ளே பல மரபணுக்கள் வேலை செய்ய வேண்டும். இரண்டு மலையிலும் ஒரே மரபணு நின்றுபோயிருந்தால் பிள்ளையும் குட்டையாகத்தான் இருக்கும். பிள்ளை நெட்டை என்றால், கிழக்கில் நின்றது ஒன்று, மேற்கில் நின்றது வேறு. அதனால் இதில் இல்லாததை அது கொடுத்துவிட்டது.

தண்ணியக்காவின் கணவர் தையல்காரர். வீட்டு மூலையில் முன்பு இரண்டு மிஷின்கள் ஓடாமல் கிடந்தன. இப்போது அவர் இரண்டையும் பிரித்து ஒன்றாக்கி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுத் தையல் மிஷின் கதைதானாம்மா? ஒண்ணுல சக்கரம் போச்சு, இன்னொண்ணுல ஊசித்தண்டு போச்சு. தனித்தனியா ரெண்டும் ஓடாது. சேத்ததும் ஓடுது."

"அதேதான்," என்று சிரித்தார் ஆராய்ச்சியம்மா.

நாற்றுகளை ஈர மண்ணில் ஊன்றி, நனைத்த சாக்கால் நிழல் கட்டினாள். என் கை செய்த அவசரத்துக்கு இதுகளை வாட்டாதே சாமி என்று வேண்டிக்கொண்டாள். பாதிக்குப் பாதி சாய்ந்துவிட்டது. மிச்சம் தலை தூக்கியது. இது போதும் என்றார் ஆராய்ச்சியம்மா. அவளுக்குத்தான் போதவில்லை.

"இந்த நெட்டைங்க ஒண்ணோட ஒண்ணு சேந்தா, அதுங்க பிள்ளைங்க எப்படிம்மா இருக்கும்?"

"நெட்டையும் வரும், குட்டையும் வரும்னு நெனைக்கிறேன். வெதைச்சுப் பாத்தாத்தான் தெரியும். நீங்களே வெதைங்க."

நெட்டைகள் பூத்து விதை பிடித்ததும் விதைத்தாள். முதல் முளை மண்ணைக் கீறிய அன்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தாள்.