கப்பல்காரரைப் படத்துக்கு அழைத்தது

ஐம்பத்தாறு வயதில், ஒருவரைப் படத்துக்குக் கூப்பிட மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். காதலியை அல்ல. நகரின் மறுபக்கம் வில்லரேயில் இருக்கும், என்னிலும் பத்து வயது மூத்த ஓர் அண்ணையை.

எங்கள் ஆட்கள் ஒருவருக்கு ஒருவர் சும்மா போன் எடுப்பதில்லை. ஓர் அலுவல் இருக்க வேண்டும், அல்லது யாராவது செத்திருக்க வேண்டும். மகள் டொரோண்டோவுக்கு வேலைக்குப் போன பிறகு என் வீட்டில் சத்தம் போட்டது குளிர்சாதனப் பெட்டி மட்டும்தான். போன மாரியில் ஒரு செத்தவீட்டில் பக்கத்துக் கதிரையில் இருந்த அந்த அண்ணை, சரக்குக் கப்பலில் ஒன்பது வருடம் வேலை செய்ததாகச் சொல்லியிருந்தார். ஆகவே எங்கள் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதி நூலகத்தில், உலகப் போர்க்காலத்துச் சரக்குக் கப்பல் மாலுமிகளைப் பற்றிய பழைய கறுப்புவெள்ளைப் படம் போடுகிறார்கள் என்று கண்டதும் எனக்கு அலுவல் கிடைத்துவிட்டது.

"கப்பல் படமோ? நான் கப்பலில இருந்த ஒன்பது வருசம் காணாதோ?" என்றார் அண்ணை போனில். ஆனாலும் மெட்ரோ பிடித்து, பனிச் சப்பாத்தோடு வந்து சேர்ந்தார்.

திரையில் எண்ணெய்க் கப்பல் எரிந்து தாழ்ந்தது. தப்பிய ஆறு பேர் ஒரு மிதவையில் நாட்கணக்காகக் கிடந்தார்கள். தண்ணீர் இல்லை, சாப்பாடு இல்லை. ஆனால் ஒவ்வொருவனுக்கும் கதைக்க ஐந்து பேர் இருந்தார்கள். நான் பொறாமைப்பட்டேன். அந்த நேரம் பார்த்து அண்ணை எழுந்து வெளியே போனார். திரும்பி வரவில்லை.

அவருடைய பழைய துயரம் எதையோ தொட்டுவிட்டேன் என்று பதறிக்கொண்டு பின்னால் போனேன். நடைக்கூடத்து வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

"மன்னிக்கோணும் அண்ணை. பழசைக் கிளறிப்போட்டன்."

"என்ன பழசு? நான் எஞ்சின் அறையில எண்ணெய் விட்ட ஆள். கடலைக் கண்டதே குறைவு. அந்த இரைச்சலுக்குள்ள ஒருத்தரும் கதைக்கிறேல்லை. இவங்கள் என்னெண்டால் சாகப்போற நேரத்திலும் வாய் மூடுறாங்களில்லை."

"அப்ப ஏன் எழும்பி வந்தனீங்கள்?"

"ஒண்ணுக்கு வந்தது."

இருவருமே உள்ளே திரும்பவில்லை. கதவுக்கு அப்பால் பீரங்கிகள் முழங்க, முழங்கால் வலி, பனி தள்ளுகிற வண்டி, போன் எடுக்காத பிள்ளைகள் என்று படம் முடியும்வரை கதைத்துக்கொண்டிருந்தோம்.

மெட்ரோ வாசலில் பிரியும்போது, மெதுவாகச் சொல்லிவைத்தேன்: "வாற மாசமும் ஒரு போர்க்கப்பல் படம் போடுறாங்களாம் அண்ணை."

அவர் கையுறையை மாட்டிக்கொண்டார்.

"கதைக்க ஆளில்லையெண்டால் அதைச் சொல்லும் தம்பி. அதுக்கு ஏன் ஒவ்வொருக்காலும் ஒரு கப்பலை மூழ்கடிக்கிறீர்?"