மேப்பில் இடம் மாறிய விடுதி

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. மேலே மாடி எடுத்து, கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களுக்கு விடுதி நடத்துகிறேன். ஆரம்பத்தில் தெருமுனையில் ஒரு போர்டு மட்டும்தான் வைத்திருந்தேன். அதைப் பார்த்து வந்தவர்கள் குறைவு. ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வருகிற பெண் பஸ்ஸை விட்டு இறங்கியதும் போர்டைத் தேடுவதில்லை, போனைத் தேடுகிறாள் என்று எனக்குச் சொன்னதே, விடுதிக்கு வந்து சேர்ந்த ஒரு தென்காசிப் பெண்தான்.

அவள் என்னிடம் சில வருஷம் தங்கியிருந்தாள். செல்போன் செய்கிற கம்பெனியில், பாகங்களைப் பொருத்துகிற லைனில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் மற்றவர்கள் படுத்துவிடுவார்கள், அவள் கீழே இறங்கிவந்து என்னோடு உட்கார்ந்து கீரை ஆய்வாள். அவளுக்கு டைபாய்டு வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்து, தண்டலம் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போய் வந்தேன். அவள் அம்மா போன் பண்ணி, இனி அவளுக்கு நீங்கள்தான் அக்கா என்று அழுதார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என் விடுதியை மேப்பில் ஏற்றித் தருவதாகச் சொன்னாள். வாசல் கேட்டையும், மாடி அறைகளையும், சமையலறையில் நான் தோசை ஊற்றுவதையும் படம் எடுத்தாள். கூப்பிட வேண்டிய எண்ணாக என் நம்பரைப் போட்டாள். நடுவில், எனக்கு மெயில் இருக்கிறதா என்று கேட்டாள். அதையெல்லாம் யார் பார்ப்பது, உன்னுடையதையே போட்டுவிடு என்றேன். போட்டுவிட்டாள். கொஞ்ச நாளிலேயே நெல்லையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் அழைப்புகள் வர ஆரம்பித்தன. தங்கிப் போன பெண்கள் அதில் நல்ல வார்த்தை எழுதினார்கள். அவள் அதையெல்லாம் சத்தமாக எனக்குப் படித்துக் காட்டுவாள்.

பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளையும் இங்கேயே ஒரு கம்பெனியில் இருந்ததால், பின்தெருவில் வீடு எடுத்துக் குடிவந்தார்கள். வேலையை விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். முதலில் அடிக்கடி வந்துகொண்டிருந்தவள், பிறகு வருவதில்லை. புதுக்குடித்தனம், வேலை இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அதே சமயத்தில் எனக்கு வந்த அழைப்புகளும் நின்றுபோயின. கம்பெனிகளே விடுதி கட்டுகிறார்கள், அதனால்தான் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். காலியான கட்டில்களின் மெத்தைகளைச் சுருட்டி ஓர் அறையில் அடுக்கினேன்.

ஒரு மத்தியானம் சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் மகளோடும் பெட்டியோடும் வாசலில் வந்து நின்றார். வெயிலில் அலைந்த எரிச்சல் முகத்தில் தெரிந்தது.

"மேப்பு அங்கிட்டு ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போச்சும்மா. போட்டோவுல இருக்குற கேட்டு அங்க இல்ல. டீக்கடையில படத்தக் காட்டிக் கேட்டேன், இந்த வீட்டக் காட்டுனாங்க" என்றார்.

அவர் போனை வாங்கிப் பார்த்தேன். என் விடுதியின் பெயர். என் கேட். அடுப்பின் முன்னால் நான். கீழே இருந்த நம்பர் மட்டும் என்னுடையதில்லை. இடத்தைக் காட்டும் சிவப்புப் புள்ளி பின்தெருவில் இருந்தது. அந்த நம்பரை என் போனில் அடித்தேன். பாதி அடிக்கும்போதே அவள் பெயர் வந்து நின்றது. அவர்கள் இருவரையும் உட்காரவைத்து மோர் கொடுத்தேன்.

சாயங்காலம் பின்தெருவுக்குப் போனேன். அவள் வீட்டுக் கூடத்தில் அடுக்குக் கட்டில்கள் போட்டிருந்தன. அவள் என்னைப் பார்த்ததும் எழுந்து, உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை.

"என் வூட்டு போட்டோவ வச்சிக்கினு உன் வூட்டுக்கு ஆள் கூப்புடுறியேம்மா" என்றேன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அத உண்டாக்குனது நாந்தானக்கா. எம் மெயிலு. எங்களுக்கும் பொழப்பு ஓடணும்லா."

"கேட்டிருந்தா நானே ரெண்டு பொண்ண உன்கிட்ட அனுப்பிச்சிருப்பேனே."

மாத்தித் தாரேன்க்கா என்றாள். அந்த வார்த்தையை நம்பி வீட்டுக்கு வந்தேன். அவ்வளவு பார்த்த பிறகும் எனக்கு அவள்மேல் நம்பிக்கை மிச்சம் இருந்தது.

காத்திருந்தேன். எதுவும் மாறவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்ட் அருகே ஆன்லைன் வேலைகள் செய்துதரும் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா முதலில் எனக்கென்று ஒரு மெயில் உண்டாக்கிக் கொடுத்தார். மேப்பில் இருக்கிற இடத்தை இப்போது வைத்திருப்பவரிடமே, அது என்னுடையது, எனக்கு மாற்றிக்கொடு என்று கேட்க ஒரு வழி இருக்கிறதாம். அவர் சரி என்று அழுத்தினால் போதும், பிரச்சினை முடிந்தது என்றார். கேட்டோம். சில நாளில் மெயில் வந்தது. கடைக்காரம்மா அதைத் தமிழில் சொன்னார். உங்கள் கோரிக்கை மறுக்கப்பட்டது.

ஏதோ மிஷின் மறுத்திருக்கும் என்று நினைத்து, அப்படித்தானே என்று கேட்டேன். இல்லைம்மா, அந்தப் பக்கம் இருக்கிறவங்க கையால மறுத்திருக்காங்க என்றார். பின்தெருவில் அவளைப் பார்த்த அன்றுகூட நான் அழவில்லை. அந்தக் கடையில், பிரிண்ட் எடுக்க வரிசையில் நின்றவர்கள் முன்னால் அழுதேன்.

அடுத்த வழி, நேரே மேப்பை நடத்துகிற நிறுவனத்திடமே முறையிடுவது. அதற்கு வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். தெருப் பலகையிலிருந்து ஆரம்பித்து, நடந்து வந்து, விடுதி போர்டைக் காட்டி, என் சாவியால் கேட்டைத் திறந்து உள்ளே போக வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. போனைப் பிடித்துக்கொண்டு என் தெருவில் நானே நடந்தேன். எதிர் வீட்டம்மா இன்னா பண்றே என்று கேட்டார். பதில் சொன்னால் வீடியோ கெட்டுவிடும் என்று பேசாமல் நடந்தேன். மாமனார் காலத்திலிருந்து இருக்கிற வீட்டை, என்னுடையதுதான் என்று கண்ணுக்குத் தெரியாத யாரிடமோ நிரூபித்துக்கொண்டு போனேன். சாவி போட்டபோது பூட்டு சட்டென்று திறக்காமல் படுத்தியது.

கடைசியில் மேப்பில் என் இடம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. நம்பரை மாற்றினேன், புள்ளியை என் வாசலுக்கு நகர்த்தினேன். தங்கிப் போனவர்கள் எழுதியதையெல்லாம் முதன்முறையாக நானே கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். எல்லாவற்றுக்கும் முதலில் இருந்தது அவள் எழுதியது. வீட்டுச் சாப்பாடு, அக்கா சொந்த அக்கா மாதிரி என்று எழுதியிருந்தாள். எழுதிய நாளில் அது பொய்யாக இருந்திருக்காது. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. அவளை எங்கேயாவது பார்த்தால், ஏன் மறுத்தாய் என்று கேட்கவேண்டும் என்று இருந்தேன். ஒருநாள் காய்கறிக் கடையில் பார்த்தேன். இரண்டு பேரும் வெண்டைக்காயைப் பொறுக்கிக்கொண்டு நின்றோம். அவள் எனக்கு முன்னால் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

கடை வைத்திருக்கும் தெரிந்தவர்களுக்கெல்லாம் இப்போது சொல்கிறேன். மேப்போ, வாட்ஸ்அப்போ, யார் வேண்டுமானாலும் செய்து தரட்டும். மெயில் உங்களுடையதாக இருக்கட்டும், பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். அவர்களும் தலையாட்டிக்கொள்கிறார்கள்.

போன வாரம் சிவகங்கைப் பெண், மோர் குடித்த அன்றே என்னிடம் தங்கிவிட்டவள், மாடி அறைகளின் புதுப் படத்தை மேப்பில் போட்டுத் தரட்டுமா என்று ஆசையாகக் கேட்டாள். எப்படி என்று சொல்லிக்கொடு, நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன். பாஸ்வேர்டு அடிக்கும்போது இடது கையால் திரையை மறைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள்.