சரிவில் மட்டும் நிற்கும் டிராக்டர்

என் அக்கா புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன். தெருவில் அவருக்கு சிஐடி என்று பெயர். பால்காரர் ஊற்றிய பாலை அவர் கண்முன்னாலேயே இன்னொரு பாத்திரத்தில் ஊற்றி அளந்து பார்க்கிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அந்தப் பெயர் மாமாவுக்கும் தெரியும். வைத்தது யார் என்றுதான் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற நீர்த்தேக்கத்தின் கரையில் புல் வெட்டுவது எங்கள் வேலை. கரையின் உச்சியில் ஒரு வண்டி போகிற அகலத்துக்குப் பாதை. அங்கிருந்து கீழே கம்பிவேலி வரைக்கும் ஒரே சரிவு. வேலிக்கு அந்தப் பக்கம் சிமெண்ட் கால்வாய். புல் மண்டிவிட்டால் கரையில் பொந்து விழுந்தாலும் தண்ணீர் கசிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அலுவலகத்தில் புல் விஷயத்தில் மட்டும் கறாராக இருப்பார்கள். மாமாவிடம் சொந்தமாக ஒரு மினி டிராக்டர் இருந்தது. அதன் வயிற்றுக்கடியில் கத்திகள் சுழன்று புல்லை வெட்டும். சமதளத்தில், அலுவலகத்தைச் சுற்றியும் மரங்களுக்கு நடுவிலும், மாமா ஓட்டுவார். சரிவில் நான். குறுக்கே ஓட்டினால் வண்டி உருண்டுவிடும், மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும். முழங்கால் தேய்ந்த பிறகு மாமாவுக்குச் சரிவு என்றால் பயம். அதைப் பயம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். கீழே நின்று பார்க்க ஒரு ஆள் வேண்டாமா என்பார்.

நான் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். போக்கிடம் இல்லாமல் நின்றபோது அக்காதான் கூட்டிக்கொண்டு வந்தாள். பழைய சாமான் போட்டிருந்த பின்னறையை ஒழித்து ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தாள். கல்யாணம் ஆகாத, தலையில் நரை எட்டிப்பார்க்கிற தம்பி அக்கா வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்றால் அவனுக்கு நல்ல பெயர் ஒன்றுதான் சொத்து. அதற்குத்தான் வேட்டு வந்தது.

முதல் தடவை, மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் இருமிவிட்டு நின்றது. மாமா டேங்க்கைத் திறந்து பார்த்தார். டீசல் பாதிக்கும் கீழே இருந்தது. மெக்கானிக்கைப் போனில் பிடித்தோம். ஏற்றத்தில் டீசலெல்லாம் டேங்க்கின் பின்பக்கம் போய்விடும், உறிஞ்சுகிற குழாய் முன்பக்கம் இருக்கிறது, டீசல் குறைவாக இருந்தால் அது காற்றைத்தான் உறிஞ்சும், சரிவில் இறங்குவதற்கு முன் டேங்க்கை நிரப்பிவிடுங்கள் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். மாமா முழுக்கக் கேட்டார். அதெல்லாம் சரி, பாதி டேங்க் டீசல் எங்கே போச்சு என்றார். ஈரப்புல்லை வெட்டினால் எஞ்சின் கூடுதலாகக் குடிக்கும் என்றார் மெக்கானிக். மாமா போனை வைத்துவிட்டு, இவன் உனக்கு எத்தனை நாளாப் பழக்கம் என்று என்னைக் கேட்டார்.

மறுநாள் பழைய பாகங்கள் விற்கிற கடையிலிருந்து பூட்டு வைத்த டேங்க் மூடி ஒன்றை வாங்கிவந்தார். எந்த லாரியிலிருந்து கழற்றியதோ, எங்கள் டேங்க்குக்குக் கொஞ்சம் பெரிது. மாமா விடுவாரா? பழைய டயர் டியூபை வட்டமாக வெட்டி உள்ளே கொடுத்து, ஒரு பொட்டு டீசல் வெளியே வராதபடி இறுக்கிவிட்டார். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த நிம்மதியை அக்கா கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான் வினையே. தினமும் டேங்க்கை நிரப்பித்தான் சரிவில் இறங்கினேன். ஆனாலும் முன்பாவது ஒரு தடவை நின்ற வண்டி, இப்போது தினமும் நிற்க ஆரம்பித்தது. பாதிச் சரிவில் இரண்டு இருமல், அப்புறம் சத்தமே இருக்காது. எஞ்சின் அணைந்தால் ஸ்டியரிங் கல்லாக இறுகிவிடும். பிரேக்கின்மேல் ஏறி நிற்காத குறையாக, கீழே வேலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறிவந்து, பூட்டைத் திறந்து, டேங்க்கை எட்டிப் பார்ப்பார். நிறைய இருக்கும். மூடிவிட்டுச் சாவியைத் திருப்பச் சொல்வார். சொல்லி வைத்தாற்போல் கிளம்பிவிடும்.

சமதளத்தில் அவர் ஓட்டும்போது ஒருநாளும் நின்றதில்லை. அவர்தான் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தானே நிறுத்தி, பூட்டைத் திறந்து, டீசல் தன் கணக்குப்படி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி பூட்டுவாரே. அப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காத்தும் டீசல் குறையவில்லை என்பதுதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது. குறைந்திருந்தால் திருட்டு. குறையவில்லை என்றால் அதைவிடப் பெரிய திருட்டு. பங்க்கிலிருந்து கேனில் டீசல் வாங்கி வருகிறவன் நான். நல்ல டீசலை வழியில் யாருக்கோ ஊற்றிவிட்டு, மண்ணெண்ணெயைக் கலந்து கொண்டுவருகிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்.

டீசலை விரலில் தொட்டு முகர்ந்தார். பழைய செய்தித்தாளில் சொட்டுவிட்டுக் காய வைத்துக் கறையைப் பார்த்தார். ஃபில்டரை மாற்றினார். ஒருநாள் பங்க்குக்கே என் பின்னால் வந்து, டயருக்குக் காற்றடிக்கிற இடத்தில் மறைந்து நின்றார். டீசல் போடுகிறவர், உங்க மாமா ரொம்ப நேரமா நிக்கிறாரே, டீ சொல்லட்டுமா என்று என்னிடம் கேட்டார். எனக்குச் சிரிப்பு ஒருபக்கம், வயிற்றெரிச்சல் ஒருபக்கம். அந்தச் சமயம் பார்த்து நான் புதுச் செருப்பு வேறு வாங்கித் தொலைத்திருந்தேன்.

சாப்பிட உட்கார்ந்திருந்தபோது நேரடியாகவே கேட்டுவிட்டார்.

"மாப்ள, டீசல்ல என்ன கலக்குற?"

ஒன்றும் கலக்கவில்லை என்றேன்.

"நான் ஓட்டுனா ஓடுது, நீ ஓட்டுனா நிக்குது. வண்டிக்கு ஆள் பாத்து நிக்கத் தெரியுமா?"

அது தெரிந்திருந்தால் நானே அந்த எஞ்சினைச் சரிசெய்திருப்பேன். வாய்க்கு வந்தபடி நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்தேன், அவரும் கொடுத்தார். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. எனக்காக ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பின்னறைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் சட்டை ஒன்றை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"எடுத்திருந்தா எங்கிட்ட மட்டும் சொல்லிடுடா. நான் அவர்கிட்ட பேசிச் சமாளிச்சுக்கிறேன்."

மாமா கேட்டபோது கோபம்தான் வந்தது. அக்கா கேட்டபோது அழுகை வந்தது. ஊரில் எல்லோரையும் சந்தேகப்படுகிறவர் என்னையும் சந்தேகப்பட்டார், அதில் என்ன வந்துவிட்டது? யாரையும் சந்தேகப்படத் தெரியாதவள், பிறந்ததிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள், கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். அவள் மடித்த சட்டையையும் சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அச்சகத்தில் என்னோடு இருந்த பைண்டர் ஒருவர், ஒரு தையல்கடை மாடியில் அறை எடுத்திருந்தார். அங்கே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு பிற்பகலில் மாமா அங்கே வந்தார். மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறிவந்தார். மூச்சு வாங்கியது. கையில் அந்தப் பூட்டு மூடி. உட்காருவதற்கு முன் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். டீசல் கேன் எதுவும் இல்லை. பழக்கதோஷம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

சரிவில் பாக்கி இருந்ததை உடனே முடிக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம். வேறு வழியில்லாமல் அவரே டீசல் வாங்கிவந்து, அவரே ஊற்றி, அவரே சரிவில் ஏற்றியிருக்கிறார். பாதியில் இரண்டு இருமல், நின்றுவிட்டது. முதலில் என்னைத்தான் திட்டினாராம். அப்புறம்தான் நான் அங்கே இல்லை என்பது உறைத்திருக்கிறது. எப்படியோ இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்து, பூட்டைத் திறந்தார். இத்தனை நாளும் டீசலின் அளவையே பார்த்தவருக்கு, உஸ்ஸென்று டேங்க் காற்றை உள்ளே இழுத்த சத்தம் அன்றுதான் காதில் விழுந்தது. மறுபடி பூட்டிவிட்டு ஓட்டினார், நின்றது. திறந்தார், மறுபடி உஸ். மூன்றாவது முறை மூடியை இறுக்காமல் சும்மா வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். கடைசிவரை நிற்கவில்லை.

வீட்டுக்குப் போய்ப் பழைய மூடியைத் தேடியெடுத்துப் பார்த்தால், அதன் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. டீசல் வெளியே போகப் போகக் காற்று உள்ளே வருவதற்கான வழி அது. அவர் மாட்டிய மூடியில் வழியே இல்லை. சமதளத்தில் அவர் அடிக்கடி திறந்து திறந்து சந்தேகப்பட்டதில் டேங்க்குக்குக் காற்று கிடைத்திருக்கிறது. சரிவில் நான் விடாமல் ஓட்டியதால் எஞ்சினுக்கு டீசல் வராமல் போயிருக்கிறது.

"டீசல யாரும் தொடல மாப்ள. நான் போட்ட மூடிதான் வண்டிய நிறுத்தியிருக்கு. தப்பு எம்மேல. வீட்டுக்கு வா."

இதை அவர் காதும் காதும் வைத்தாற்போல் மறைத்திருக்கலாம். பழைய மூடியை மாட்டிவிட்டு, பார்த்தாயா, நீ போனதும் வண்டி நிற்கவே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஆயுள் முழுக்க ஆள் ஆளாகத் துரத்திய மனிதர், கடைசியில் தன்னையே கையும் களவுமாகப் பிடித்து, முழங்கால் வலியோடு மாடியேற்றிக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்திவிட்டார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

வீட்டுக்குப் போனோம். அக்கா வாசலுக்கே வந்து என் பையை வாங்கிக்கொண்டாள். எனக்கும் மாமாவுக்கும் சேர்ந்தாற்போல் சாப்பாடு போட்டாள். மாமா மூடியின் கதையை அவளுக்கு இன்னொரு முறை சொன்னார். கேட்டுவிட்டு, என் தட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"எனக்கு அப்பவே தெரியும்டா, நீ எடுத்திருக்க மாட்டேன்னு."

நான் குனிந்து சாப்பிட்டேன். மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"தெரிஞ்சிருந்தா அன்னிக்கே அவனுக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அக்காவின் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

"சொன்னா மாமா" என்றேன். "மறுநாள் காலையில என் ரூமுக்கு வந்து சொன்னா. நீ எடுத்திருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்னு சொன்னா."

மாமா என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். நம்பவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. எப்போ சொன்னாள், என்ன வார்த்தையில் சொன்னாள், அப்புறம் எதற்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனாய் என்று அடுக்கடுக்காக வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். அவரிடம் நான் மறைத்தது வாழ்நாளில் அது ஒன்றைத்தான். அதை மட்டும் அவர் துருவிக் கேட்கவில்லை.