ரயிலேறிய மணி

யசோதராவுக்கு ஆள் பிடிக்கிற வேலை. உடனே முகத்தைச் சுளிக்க வேண்டாம். மாதச் சம்பளத்துக்கு அவள் பார்ப்பது பெங்களூரில் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங். தைத்து வந்த சட்டையில் பட்டன் சரியா, தையல் நேரா என்று பார்த்துத் தள்ளுவது. ஆள் பிடிப்பது ஊரில் இருக்கும் சேவைச் சங்கத்துக்காக. ராபர்ட்சன்பேட்டை பஜாருக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை ஹாலில், சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அது கூடும். சங்கம் என்று நோட்டீஸில்தான் போடுவார்கள், கோலார் தங்கவயலில் எல்லாருக்கும் அது கிளப்புதான். வாரா வாரம் வெளியாள் ஒருவர் வந்து இருபது நிமிடம் பேச வேண்டும். அந்த ஒருவரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துவது யசோதராவின் பொறுப்பு.

அவள் இந்தப் பொறுப்புக்கு வருமுன் அங்கே நடந்த கூத்தைச் சொல்லியாக வேண்டும். வருகிறவர் எல்லாம் டாக்டர், பேசுவதெல்லாம் சர்க்கரை நோய். ஒரே வருஷத்தில் பதினொரு தடவை. கேட்கிறவர்கள் ஜாங்கிரியைக் கடித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். பன்னிரண்டாவது சர்க்கரைக்கு நோட்டீஸ் ஒட்டியதும் யசோதரா எழுந்து, "இன்னா சார் இது, இல்லாதவங்களுக்கும் இவங்க பேசிப் பேசியே வரவச்சிருவாங்க போலகீதே" என்றாள். தலைவர் ஆறுமுகம் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப நீயே ஆள் இட்டுனு வாம்மா" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள், நாலு வருஷமாக விடவில்லை.

அவள் ஆள் தேடும் இடம் ரயில். விடிவதற்குள் மாரிக்குப்பத்தில் கிளம்பும் வண்டியில் பாதி ஊர் பெங்களூருக்குப் போய் உழைத்துவிட்டுத் திரும்புகிறது. முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, எல்லா முகமும் தூங்கி வழியும். பையைப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும் என்பது அவள் கட்சி. நீளமான கொக்கி துருத்திக்கொண்டிருந்த பையின் பின்னாலேயே போய்ப் பாம்பு பிடிப்பவரைப் பிடித்தாள். மடியில் சின்னச் சின்ன பாட்டில்களாக அடுக்கி வைத்திருந்த பெண், ஊதுபத்திக் கம்பெனியில் வாசனை பார்க்கிறவள் என்று தெரிந்தது. செயற்கைக் கண் செய்கிறவர் வந்தார். கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேருக்கு ரசம் வைக்கிறவர் வந்து, புளி கரைப்பதைப் பற்றி மட்டுமே இருபது நிமிடம் பேசிக் கைதட்டல் வாங்கிப் போனார். "இன்னா வேலைங்க பண்றீங்க? சனிக்கிழமை எங்க கிளப்புல வந்து பேசுறீங்களா? மொளகா பஜ்ஜி உண்டு." அவ்வளவுதான் அவள் அழைப்பு. பேசியவருக்குப் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் ஒன்று கொடுப்பார்கள். அப்படி நூற்றுத் தொண்ணூறு டம்ளர் அவள் கையால் போயிருக்கிறது.

இதில் அவளுக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. கம்பெனியில் அவள் 'ஏழாம் லைன் செக்கிங்'. ரயிலில் 'கார்மெண்ட்ஸ் அக்கா'. தெருவில் 'சித்தார்த்தன் அம்மா'. சனிக்கிழமை மட்டும் மைக்கில் ஒரு குரல், "விருந்தினரை அறிமுகம் செய்ய யசோதரா அவர்களை அழைக்கிறேன்" என்று சொல்லும். அந்த ஒரு வரியைக் கேட்க அவள் ஆறு நாளும் காத்திருப்பாள். அதை ஒத்துக்கொள்ள அவளுக்கு வெட்கமும் இல்லை.

அந்த வரிக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு இருபது பேர் சேராவிட்டால் கிளப்பைப் பக்கத்து ஊரான கோலாரின் கிளப்போடு இணைத்துவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து கடிதம். கோலாரில் கூட்டம் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் தங்கவயலின் உழைக்கிற சனம் பூராவும் பெங்களூரில் இருக்கும், எவர் போவார்? ரத்தம் கொடுப்பவர் பட்டியல், இரவல் கொடுக்கும் வீல்சேர், கண் முகாம் எல்லாம் கோலாருக்குப் போய்விடும். முதல் கூட்டத்துக்குப் பதினொன்று, இரண்டாவதற்கு ஒன்பது பேர். மூன்றாவது, இந்தச் சனிக்கிழமை. தலை எண்ண மனோகர் என்ற பார்வையாளர் கோலாரிலிருந்து நேரில் வருகிறார். ஆறு மணிக்குள் தலைவர் மணி அடித்துக் கூட்டம் தொடங்க வேண்டும், ரிஜிஸ்தரில் இருபது கையெழுத்து விழ வேண்டும்.

யசோதரா வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கெஞ்சி, அதட்டி, அரை நாள் பர்மிஷன் போட வைத்து, தன்னோடு சேர்த்துப் பத்தொன்பது உறுப்பினர்களை மதிய வண்டியின் மூன்றாவது பெட்டியில் ஏற்றிவிட்டாள். ஹாலில் காத்திருக்கும் ஆறுமுகத்தோடு சரியாக இருபது. விருந்தினர் ஷில்பாவும் உடன் வந்தாள். இருபத்தாறு வயது, கோலார்க்காரி. பெங்களூரின் முப்பது மாடிக் கட்டிடங்களில் வெளிப்பக்கம் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைக்கிறவள். பெல்ட்டும் கயிறும் ஹெல்மெட்டுமாக ஒரு பெரிய பை. அதைப் பார்த்துத்தானே யசோதரா அவளைப் பிடித்ததே!

"நம்ம தொழில்ல எப்பவும் ரெண்டு கயிறு அக்கா. ஒண்ணு வேலைக்கு, ஒண்ணு உயிருக்கு" என்றாள் ஷில்பா. யசோதரா ரசித்துச் சிரித்தாள்.

மாலூர் தாண்டியதும் மழை பிடித்தது. பங்காரப்பேட்டைக்கு முன்னால், ஒரு ரயில்வே கேட்டை ஒட்டி வண்டி நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அப்புறம் சேதி வந்தது: முன்னால் தண்டவாளத்தில் புளியமரம் விழுந்திருக்கிறது, வெட்டி எடுக்க இரண்டு மணி நேரமாவது ஆகும்.

மணி நாலு பத்து. யசோதரா அத்தனை பேரையும் ஒரே வண்டியில் ஏற்றிய தன் சாமர்த்தியத்தைத் தானே திட்டிக்கொண்டாள். ஒருத்தரையாவது பஸ்ஸில் அனுப்பியிருக்கக் கூடாதா? ரெண்டாவது கயிறு எங்கே, ரெண்டாவது கயிறு?

ஆறுமுகத்துக்குப் போன் போட்டாள். "சார், நாங்க எல்லாரும் மாட்டிக்கினோம் சார்."

மறுமுனையில், முன்கூட்டியே ஹாலுக்கு வந்துவிட்டிருந்த மனோகரின் குரல் குறுக்கே வந்தது. அவர் நல்ல மனுஷர்தான், ஆனால் சட்டை இஸ்திரி மாதிரியே பேச்சும் மடிப்புக் கலையாது. "நான் என்னம்மா செய்யட்டும்? தலைவர் மணி அடிக்கணும், ரிஜிஸ்தர்ல இருபது கையெழுத்து வேணும். ரூல்ஸ்னா ரூல்ஸ்."

"எங்க அடிக்கணும்னு ரூல்ஸ்ல போட்டிருக்குதா சார்?"

புத்தகம் புரளும் சத்தம். "இடம்... அதெல்லாம் போடல."

"அப்ப மணியையும் ரிஜிஸ்தரையும் இங்க கொண்டாந்துருங்க! கேட் கிட்டதான் வண்டி நிக்குது. லொகேஷன் அனுப்பறேன்!"

ஆறுமுகத்தின் குரல் வாலிபனைப் போலத் துள்ளியது. "மனோகர் சார், கார் சாவி எங்க?"

அப்புறம் அந்தப் பெட்டியில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. கிளப்பில் இல்லாத சனமும் விஷயத்தைக் கேட்டு ஜன்னலில் தொற்றிக்கொண்டது. கார் வருகிறதா என்று ஒருவர், மரத்தை வெட்டிவிட்டார்களா என்று இன்னொருவர். கார் வரும் முன் வண்டி கிளம்பிவிட்டால் எல்லாம் போச்சு! நேரத்துக்கு வீடு போக வேண்டிய ரயில் சனம், மரம் இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டது அன்றைக்கு ஒருநாள்தான். யசோதரா ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். "உக்காரும்மா, மயக்கம் வந்துரப்போவுது" என்று எதிர் சீட்டுப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பதினோரு வருஷமாக எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டு வருகிறவள்.

ஐந்து முப்பத்தைந்துக்குக் கேட்டில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. "வந்துட்டாரு! வந்துட்டாரு!" என்று பெட்டி முழுக்கக் கூச்சல். கேழ்வரகுக் கொல்லையின் வரப்பில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் பித்தளை மணியோடு ஆறுமுகம் வந்தார். பின்னால் பளபளக்கும் ஷூவில் சேற்றோடு ரிஜிஸ்தரை மார்போடு அணைத்தபடி மனோகர்.

வந்துவிட்டார், ஏறுவது எப்படி? பிளாட்பாரம் இல்லாத இடத்தில் படி மார்பு உயரம். ஆறுமுகத்துக்கு எழுபது வயது, இரண்டு முட்டியும் ஆபரேஷன் ஆனவை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

ஷில்பா அதற்குள் பையைத் திறந்துவிட்டாள். கீழே குதித்து அவர் இடுப்பிலும் தொடையிலும் பெல்ட்டை மாட்டி இறுக்கினாள். ஒரு கயிற்றை வாசல் நடுவில் இருந்த இரும்புத் தூணில் சுற்றிப் பத்து பேர் கையில் கொடுத்தாள். "இது வேலைக்கு." இன்னொன்றை யசோதராவிடமும் எதிர் சீட்டுக்காரியிடமும் கொடுத்தாள். "இது உயிருக்கு. என்ன ஆனாலும் விடக் கூடாது அக்கா."

ஆறுமுகம் ஒரு கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினார். சுரங்கம் ஓடிய காலத்தில் வைண்டிங் இஞ்சின் ஓட்டியவர் அவர். ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்கு ஆட்களைக் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறக்கி ஏற்றியவர். "இருங்க, இருங்க. சிக்னல் இல்லாம ஆளைத் தூக்கறதா? மூணு அடிச்சா ஆள் ஏறுதுன்னு அர்த்தம். அப்பால ஒண்ணு அடிச்சா தூக்கு."

டங், டங், டங். இரண்டு பக்கத்துப் பெட்டிகளிலும் தலைகள் நீண்டன. வாழ்நாளெல்லாம் மேலே உட்கார்ந்து மணி கேட்டு ஆள் தூக்கியவர், தன்னைத் தூக்கச் சொல்லி அடித்தது அன்றைக்குத்தான். டங்! "இழு!" என்று ஷில்பா கத்தினாள். பத்து பேரும் ஒரே மூச்சாக இழுக்க, வேட்டியும் மணியும் சிரிப்புமாக ஆறுமுகம் அப்படியே மேலே வந்து நின்றார். பெட்டி அதிர்ந்தது. அழுதுகொண்டே சிரித்தாள் யசோதரா. மனோகரை நாலு பேர் கையைப் பிடித்துத் தூக்கிப் போட்டார்கள், அவருக்குக் கயிறு தேவைப்படவில்லை.

ஐந்து ஐம்பது. தலைவர் கூட்ட மணியை அடித்தார். ரிஜிஸ்தர் மடிக்கு மடி போனது. கடைசியில் மனோகர் பேனாவால் தொட்டுத் தொட்டு எண்ணினார். "பத்தொன்பது."

"இருக்காதே!" என்றாள் யசோதரா. அதே நேரம் அவள் போன் அடித்தது. உறுப்பினர் கொர்னேலியஸ். வண்டி நின்றதும் யாரிடமும் சொல்லாமல் இறங்கி, ரோட்டுக்கு நடந்து, பஸ் பிடித்துப் போயிருக்கிறார் கடமை வீரர். "ஹாலுக்கு டைமுக்கு வந்துட்டேன்மா. பூட்டிக் கிடக்குது, எங்க எல்லாரும்?"

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? ஐந்து ஐம்பத்திநாலு. ஷில்பா விருந்தினர், கணக்கில் வரமாட்டாள். யசோதரா ரிஜிஸ்தரை வாங்கித் தானும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தாள்.

"புதுசா சேரலாமா?" எதிர் சீட்டுப் பெண் கேட்டாள். உயிர்க் கயிறு இன்னும் அவள் மடியில் கிடந்தது.

மனோகர் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். அவள் அதைத் தொடை மேல் வைத்துத் தன் பெயரை எழுதினாள்: பழனியம்மா. அடுத்த வரியில் பேனா நின்றது. முன்மொழிபவர் பெயர்.

"உன் பேரு இன்னாம்மா?"

யசோதராவுக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷம். தக்காளி விலையிலிருந்து மருமகள் சண்டை வரை பேசியிருக்கிறார்கள். ரயிலில் பை பையாகப் பார்த்து ஆள் தேடியவள், எதிரே இருந்தவளிடம் பெயரைக் கேட்டதில்லை. பழனியம்மா என்ற பெயரை அவளும் இப்போதுதான், விண்ணப்பத்தில் படித்தாள்.

"யசோதரா" என்றாள்.

"நல்ல பேரு. இத்தினி நாளா சொல்லவேயில்ல பாரு" என்று பழனியம்மா எழுத்துக் கூட்டி எழுதி, ரிஜிஸ்தரில் இருபதாவது கையெழுத்தைப் போட்டாள். ஐந்து ஐம்பத்தேழு. மனோகர் அடிக்கோடு போட்டுத் தேதி எழுதியதும் எழுந்த ஆரவாரத்தில் ஷில்பாவின் பேச்சை யாருமே தொடங்க விடவில்லை. ஆறரைக்கு வண்டி நகர்ந்தபோதுதான் மனோகருக்குக் கார் கேட்டில் நிற்பது நினைவு வந்தது. அவர் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "பேசும்மா, முப்பதாவது மாடியில காத்து அடிச்சா என்ன பண்ணுவே?" என்றார்.

திங்கட்கிழமை விடியற்காலை. கோரமண்டல் ஸ்டேஷனில் எப்போதும்போல டிபன் பையோடு யசோதரா நின்றாள். வண்டி வந்து நின்றதும் மூன்றாவது பெட்டியின் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே நீண்டு ஆடியது.

"யசோதரா! ஏய் யசோதரா! இந்தப் பக்கம் வா, இடம் போட்டு வச்சிக்கிறேன்!"

பிளாட்பாரத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஓடிப்போய் ஏற வேண்டியவள், இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று மெதுவாகவே நடந்தாள்.