திருத்தி ஜெபித்தவர்

தென்காசி ஆஸ்பத்திரியில், என் மனைவி இருந்த தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அவரைப் பார்த்தேன். பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்குகிறவர், தோள் காய்த்துப்போயிருந்தது. வாய்விட்டு ஜெபிப்பார். பாதியில் நிறுத்தி, சொன்னதைத் திருத்துவார்.

“ஆண்டவரே, குத்தாலத்துல தம்பி வழுக்கி விழுந்துட்டான், காப்பாத்தும்... இல்ல, பொய் சொல்லுதேன். நான்தான் தள்ளுனேன். கோவத்துல தெரியாமத் தள்ளிட்டேன்... அதுவும் பொய். பாறையப் பாத்துட்டுத்தான் தள்ளுனேன்.”

“ஏன் அண்ணாச்சி உங்களையே வதைக்கிய?” என்றேன்.

“பொய்ய வச்சுக்கிட்டு அவன் உசுர எப்படிக் கேக்க?”

அன்று மாலை, உள்ளே கிடந்த அவர் தம்பி இறந்துபோனார். இவர் தம்பி மனைவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவள் இவர் நெஞ்சிலேயே அடித்தாள். இவர் தடுக்கவில்லை.

பிறகு நான் ஜெபிக்க உட்கார்ந்தேன். “ஆண்டவரே, என் மனைவியை நேசிக்கிறேன்” என்று தொடங்கி, அங்கேயே நின்றுவிட்டேன்.