துடைத்துவிட்ட தண்ணீர்

பனிக்குடத் தண்ணீரை ஆராயும் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. பிரசவத்துக்கு வரும் பெண்களிடம் சம்மதம் கேட்பதும் என் பொறுப்பு. கொள்ளேகாலிலிருந்து வந்த ஒருத்தி, "தீட்டுத் தண்ணியப் போய் எதுக்குங்க்கா கேக்கறீங்க?" என்று முகம் சுளித்தாள். விடுவேனா? ஆரோக்கியமான உடம்பிலும் அந்த உடம்பையே குறிவைக்கும் ஆன்டிபாடிகள் கொஞ்சம் இயல்பாகவே இருக்கும், பனிக்குடத் தண்ணீரில் உள்ள வேறு ஆன்டிபாடிகள் அவற்றைப் பிடித்து அடக்கி வைக்கின்றனவா என்றுதான் பார்க்கிறோம், பிள்ளைக்குக் காவலிருக்கும் தண்ணீரைத் தீட்டு என்கிறாயே என்று ஒரு பாட்டம் பேசித் தீர்த்தேன். அப்போது நானும் நிறைமாதம். என் தண்ணீரையும் தருவதாகப் பெருமையடித்திருந்தேன்.

வரலட்சுமி பூஜையன்று மண்டி மொஹல்லா வீட்டுக் கூடத்தில் கலசம் வைத்துவிட்டு, மாமியார் சமையலறையில் ஒப்பட்டுப் போளி தட்டிக்கொண்டிருந்தார். பூ வைக்கக் குனிந்தேன். பனிக்குடம் உடைந்தது. கோலமெல்லாம் ஈரம். வலி இல்லை, வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. கைக்குக் கிடைத்த அரக்கு நிறத் துண்டால் அவசர அவசரமாகத் துடைத்தேன். பினாயில் ஊற்றி மறுபடியும் துடைத்தேன். துண்டை அலசிப் போட்டு, தலைக்குக் குளித்து, புடவை மாற்றிய பிறகே வாயைத் திறந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "நீரு யாவ பண்ண இத்து?" என்று தண்ணீரின் நிறத்தைக் கேட்டார். பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். அது மூச்சுக்குள் போனால் ஆபத்து. இவள் லேபில் பார்ப்பதே அதைத்தான், சரியாகச் சொல்வாள் என்று என் கணவர் கன்னடத்தில் பெருமையாக முந்திக்கொண்டார்.

"நோட்லில்ல மேடம்," என்றேன். பார்க்கவில்லை. கணவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. குழந்தையின் இதயத்துடிப்பு வேறு இறங்கிக்கொண்டிருந்தது. உடனே ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

நல்லவேளை, மகள் பிறந்தவுடனே வீறிட்டு அழுதாள். மறுநாள் அவளை மடியில் வைத்துக்கொண்டு மாமியார் ஆற்றாமையோடு கேட்டார்: "ஒரு குரல் குடுத்திருந்தா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்திருப்பேனேம்மா. புள்ளைய விடக் கலசம் பெரிசா?"

அவருக்குப் பயந்துதான் துடைத்தேன் என்று அதுவரை என்னையே நம்பவைத்திருந்தேன். அந்த வீட்டில் தீட்டு பார்த்தது நான் ஒருத்திதான்.