ஐந்து கட்டையிலிருந்து மூன்று கட்டைக்கு

1991-ல் மண்ணூர்ப் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் நான் பாட்டு டீச்சர். ஒன்பதாம் வகுப்புக்கு வாரத்தில் ஒரே ஒரு பாட்டு பீரியட். அதையும் கணக்குக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் ஒற்றைக்காலில் நின்றார். அவர் கணக்கு வாத்தியார். பிள்ளைகளின் அப்பாமார் கம்பெனி ஷிஃப்டுக்குப் போக ஆரம்பித்திருந்த நேரம் அது. ஐ.டி.ஐ. சீட்டுக்கு மார்க் வேண்டும், ச ரி க ம பாடிக் காட்டினால் எந்தக் கம்பெனியில் சேர்த்துக்கொள்வான் என்று கேட்பார்.

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். எனக்கோ கோபம் மூக்கு நுனியில் நிற்கும். "இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு அதிகாரியை என் கிளாஸுக்குக் கூட்டிட்டு வாங்க சார். இதுல பாடமே இல்லன்னு அவர் சொல்லிட்டா பீரியடை எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அவசரப்பட்டுவிட்டேனோ என்று தோன்றியது.

ஏனென்றால் அந்த வருஷம் நான் பாட்டைவிடத் தியரிதான் அதிகம் நடத்தியிருந்தேன். ஆர்மோனியக் கட்டைகளைக் கரும்பலகையில் வரைந்து, சுருதி எது, சுரங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று மல்லுக்கட்டினேன். பாதி வகுப்பு கொட்டாவி விட்டது. எஸ்தர் மட்டும் கேள்வி கேட்டே என்னைத் துளைப்பாள். சர்ச்சில் ஆர்மோனியம் வாசிக்கிற பெண். வாய் கொஞ்சம் நீளம், என்னைப் போலவே.

இன்ஸ்பெக்‌ஷன் அன்று ஹெட்மாஸ்டர் முதலில் உள்ளே வந்து, குரல் உடைந்த பையன்கள் எல்லாம் வாயை மட்டும் அசைத்தால் போதும், சத்தம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். நான் சண்டை பிடிப்பதற்குள் அதிகாரி வாசலில் நின்றார்.

தினமும் பாடுகிற பிரேயர் பாட்டுதான். எப்போதும் போல ஐந்து கட்டைச் சுருதி. எஸ்தர் வாசிக்க, பெண்கள் அழகாகவே பாடினார்கள். பையன்கள் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினார்கள். பாட்டு மேலே ஏறுகிற இடத்தில் ஆர்மோனியம் நின்றது. எஸ்தர் துருத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஹெட்மாஸ்டர் முகம் சுண்டிப் போனது.

மறந்துவிட்டதா என்று அதிகாரி கேட்டார்.

"மறக்கல சார். இது பொண்ணுங்க எங்களுக்கு வச்ச சுருதி. பசங்களுக்கு எட்டாது, அதான் வாயை மட்டும் அசைச்சிக்கினு கீறாங்க. மூணு கட்டைக்கு எறக்கிக்கினா எல்லாரும் பாடலாம்" என்றாள் எஸ்தர்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் வகுப்பைக் கைகாட்டினேன். கட்டையை மாற்றினால் பாட்டே மாறிவிடாதா என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார்.

கடைசி பெஞ்சிலிருந்து வேலு எழுந்தான். கொட்டாவிக் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். "மாறாது சார். ச எங்க ஒக்காந்தாலும் மத்ததெல்லாம் அதே எடைவெளியில கூடவே நகந்து வரும்" என்றான். நடுவில் குரல் இரண்டாக உடைந்தது. பெண்கள் சிரித்தார்கள். அவன் சட்டை செய்யாமல் பலகைக்குப் போய் இரண்டு சுருதிக்கும் கட்டைகளை வரைந்து காட்டினான். ஒன்றுகூடத் தப்பில்லை. பெற்ற பிள்ளை போல அவனைக் கட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது எனக்கு.

பிறகு மூன்று கட்டையில் பாடினார்கள். கீழ் சுரங்களில் பெண்கள் குரல் கொஞ்சம் அடங்கியது. பையன்கள் குரல் கிளம்பி வந்தது பாருங்கள், ஜன்னல் அதிர்ந்தது. இரண்டு பேருக்குச் சுருதி சேரவே இல்லை, யார் கவலைப்பட்டார்கள்!

அதிகாரி, "இதுல பாடம் இருக்கு சார்" என்று ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போனார். பீரியட் பிழைத்தது. சாயங்காலம் ஹெட்மாஸ்டர் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "நாளையிலேர்ந்து பிரேயரும் மூணு கட்டையிலயே பாடட்டும் டீச்சர்."

இப்போது பாட்டு டீச்சராகச் சேருகிறவர்கள், பள்ளிக்கூடத்தில் தியரி எதற்கு என்று என்னிடம் கேட்பதுண்டு. கூடப் பாடுகிறவனுக்கு எட்டுகிறதா என்று பார்க்கத்தான் என்பேன்.